அருவிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பு

சாரணர் ஆசிரியராக நான் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நடைப்பயணங்களில் அடிக்கடி நினைவுக்கு வருவது, பாதியில் திரும்பிய ஒன்றுதான்.

காட்டுக்குள் ஆற்றங்கரையை ஒட்டிய பாதை. 18 பிள்ளைகள், 3 அணிகள், பெரியவர்கள் 3 பேர். கிளம்பும்போதே இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டோம். விசில் ஊதினால் ஒவ்வொருவரும் தன் ஜோடியின் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். யார் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். வரிசையில் முதல் ஆள், எல்லோரிலும் மெதுவாக நடக்கும் சிறுவன். அவனைக் கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறுவார்கள், அவன் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு ஓய்வே இருக்காது. இது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. அதற்கு முன் என் வரிசைகளில் பின்தங்கி நடந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மதியம் சாப்பிட உட்காரும் முன், தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நடச் சொன்னேன். ஆற்றோரம் எங்கே தங்கினாலும் செய்கிற வேலைதான். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஓர் அணித் தலைவி ஓடி வந்தாள்.

"சார், குச்சி தண்ணிக்குள்ள நிக்குது."

விளிம்பு ஒரு சாண் ஏறியிருந்தது. காலையில் கூழாங்கல் தெரிய ஓடிய தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லை. ஆனால் மேலே மலையில் பெய்த மழைக்கு, கீழே வெயில் அடிக்கிறதா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இன்னும் ஒரு கிலோமீட்டரில் ஆற்றைக் கடந்தால் அருவி. அதைப் பற்றித்தான் ஒரு வாரமாகப் பேச்சு. "முழங்கால் ஆழம்தானே சார்" என்றான் ஒருவன். என் முழங்கால் அவனுக்குத் தொடை. வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவிலேயே பெரியவர்களையும் சாய்த்துவிடும். சரி, எப்படியோ கடந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம், திரும்பி வரும்போது?

'முடியாது' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். பிள்ளைகள் தாங்களே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. புது விளிம்பில் இன்னொரு குச்சியை நான் நட்டுவிட்டு, எல்லோரையும் மேட்டில் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் அதன் அடியும் தண்ணீருக்குள் போனது. அப்புறம் யாரும் வாதாடவில்லை. ஒரு பெண் மட்டும் சத்தமில்லாமல் அழுதாள். அவள் பக்கத்தில் நடந்தேன், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும் முன், வரிசையில் முதலில் நடந்த அந்தச் சிறுவன் பாதையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தான். கூழாங்கற்களால் ஒரு வட்டம், நடுவில் ஒரு கல். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்ற சாரணர் தடக்குறி. கென்யாவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறையிலும் இதே குறிதான் இருக்கிறது. அவன் நடுக்கல்லை நேராக வைத்து முடிக்கும்வரை 17 பேரும் காத்திருந்தார்கள்.