காருக்குக் கண் திறக்கும் வேலை

டிரைவர் இல்லாத காரைச் செய்பவர்கள் யார் என்று கேட்டால், கலிஃபோர்னியாவில் இருக்கும் எஞ்சினியர்கள்தான் எல்லோர் மனதிலும் வருவார்கள். அவர்கள் செய்வது பெரிய வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கார் தெருவில் போகும்போது இது ஆள், இது மரம், இது நிற்கிற லாரி என்று பிரித்துப் பார்க்கிறதே, அதற்காக லட்சக்கணக்கான படங்களில் கோடு போட்டுப் பெயர் வைத்தவர்கள் வேறு. அந்த வேலையில் ஒரு பங்கு சேலத்தில் நடக்கிறது. நானும் சில வருடங்களாக அதில் இருக்கிறேன். முதலில் லேபிள் போட்டேன், இப்போது மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் கியூசியில் இருக்கிறேன்.

காரில் பொருத்திய கேமராக்கள் எடுத்த வீடியோ துண்டு துண்டாக எங்களுக்கு வரும். ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிற வண்டி, சைக்கிள், நடப்பவர், சிக்னல் எல்லாவற்றையும் சுற்றி பாக்ஸ் போட வேண்டும். லைடார் ஃபைல் என்றால் இன்னும் சிரமம். லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி அது. திரையில் வெறும் புள்ளிக்கூட்டம்தான் தெரியும். அதற்குள் காரின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் மறைந்த ஆள் மறுபடி வெளியே வந்தால் அவருக்கு முதலில் கொடுத்த ஐடியே, அதாவது அடையாள எண்ணே, தொடர வேண்டும். "சும்மா கட்டம் போடுற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சிட்டிஸ்கேப்ஸ் என்று 2016-ல் வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு உண்டு, ஐரோப்பிய நகரத் தெருக்களின் படங்கள். அதில் ஒரே ஒரு படத்தை நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டுச் சரிபார்க்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என்னுடன் வேலை செய்பவர்களில் பலர் ஓமலூர், மேச்சேரி, ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள். பாதிப் பேர் கார் ஓட்டியதில்லை. ஆனால் சாலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் தினமும் குறுக்கே கடந்து வருகிறவர்களுக்கு, ஓரத்தில் நிற்கும் ஒருவர் இறங்கப் போகிறாரா, சும்மா நிற்கிறாரா என்பது அவர் தோள் திரும்புவதிலேயே தெரிந்துவிடும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காகவே ஒவ்வொரு புராஜெக்டிலும் ஒரு டவுட் ஷீட் உண்டு. பஸ் விளம்பரத்தில் இருக்கும் மனிதர் ஆளா, படமா? கடைக் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்புக்கு பாக்ஸ் போடலாமா? சக்கர நாற்காலியில் இருப்பவரும் தள்ளுபவரும் ஒன்றா, இரண்டா? என்னைப் பொறுத்தவரை அந்தக் காரின் பாதுகாப்பு இந்த ஷீட்டில்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்தது அப்படி. டெம்பி என்ற ஊரில் ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதி அவர் இறந்துபோனார். கார் அவரைப் பார்க்காமல் இல்லை. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே அவர் இருப்பது பதிவாகிவிட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. முதலில் வண்டி என்றது, பிறகு வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அதற்கு முன் அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் புதிதாகத் தொடங்கியது. கடக்கும் இடம் என்று குறிக்கப்படாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதற்கு அந்த மென்பொருளில் இடமே வைக்கவில்லை. காரைக் கண்காணிக்க உள்ளே இருந்த ஓட்டுநர் சாலையைக் கவனிக்காததும் ஒரு காரணம்தான். ஆனால் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த அறிக்கையில் நெஞ்சில் தைப்பது அந்தப் பெயர் மாற்றம்தான்.

நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாக்ஸ் என்பது மட்டும்தான் போர்டில் ஏறும். டவுட் எழுதினால் நேரம் போகும், கணக்கு குறையும், இன்சென்டிவ் கைவிட்டுப் போகும். மாதக் கடைசியில் டவுட் ஷீட் காலியாகக் கிடக்கும். சந்தேகம் வராமல் போனதால் அல்ல, எழுதினால் நஷ்டம் என்பதால். இதை நான் தவறு என்றே நினைக்கிறேன். சந்தேகத்தை எழுதுவது வேகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு நிர்வாகம் நினைத்தால், அந்த வேலை எதற்கு என்றே அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. எந்த ஊர்ச் சாலைக்கு எழுதிய லேபிள் பட்டியலோ, அது அந்த ஊருக்குத்தான் பொருந்தும். ஐஐஐடி ஹைதராபாத் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆட்கள் இந்தியச் சாலைகளுக்கென்று பத்தாயிரம் படங்களை 34 வகைகளாகப் பிரித்துத் தொகுத்தார்கள். அதில் ஆட்டோவுக்குத் தனி வகை, மாடு போன்ற விலங்குகளுக்கு ஒரு வகை. தார் முடிந்த பிறகு வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் ஓரத்துக்கும் தனியாக ஒன்று. மண் ஓரமும் சாலைதான் என்பதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சமீபத்தில் மலைப்பாதை இரவு வீடியோக்கள் வந்தன. எந்த நாடு என்று சொல்ல முடியாது. எங்கள் டீமில் ஒரு பெண், அவளுடைய அப்பா பல வருடங்கள் ஏற்காடு ரூட்டில் பஸ் ஓட்டியவர். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அவள் ஒரு ஃபிரேமில் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வண்டி இன்னும் வரலை. ஆனா பாறையில வெளிச்சம் விழுது பாருங்க. எதிர்ல ஒண்ணு வருது." அவள் சொன்னது சரி. மூன்று நான்கு ஃபிரேம் தள்ளி ஒரு லாரி வளைவில் திரும்பியது. இரவில் மலை ஏறுகிற எந்த டிரைவரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் முன்கூட்டியே ஒதுங்குகிறார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலும் உண்டு, ஆனால் யார் வருகிறார் என்பதை அந்த வெளிச்சமும் ஹாரனும்தான் சொல்கின்றன. எங்களுக்கு வரும் படத்தில் சத்தம் கிடையாது. வெளிச்சத்துக்கு லேபிளும் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு மட்டும் பாக்ஸ் என்பதுதான் கைட்லைன்.

அவள் டவுட் ஷீட்டில் அதை விடாமல் எழுதினாள். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்: வளைவில் பஸ் எவ்வளவு வெளியே வீசித் திரும்பும், பனி இறங்கினால் அந்த வெளிச்சம் எப்படிப் பரவும் என்று. அவர் முதலில், "என் வேலைக்கு நீயே உலை வைக்கிறியாம்மா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி நியாயமானது. டிரைவர்களின் பிழைப்பு போய்விடும் என்பதால் இந்தக் கார்களை இந்தியாவுக்குள் அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லியிருக்கிறார். அவளுக்கு அப்பாவிடம் சொல்லப் பதில் இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் அவர் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கிளையன்ட்டிடமிருந்து பதில் வந்தது. புதிய லேபிள் இப்போதைக்கு இல்லை, அப்படி வெளிச்சம் தெரியும் துண்டுகளை மட்டும் தனியாகக் குறித்து அனுப்புங்கள் என்றார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மின்சாரக் காருக்கு இந்த முன்கூட்டிப் பார்த்தல் வேறு வகையிலும் உதவும். சேலத்திலிருந்து ஏற்காடு கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். ஒன்றரை டன் கார் அந்த உயரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் செலவழிக்கும். இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்து அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். வளைவில் வருவதை முன்பே தெரிந்துகொண்ட கார் மெதுவாக, மோட்டாரிலேயே வேகம் குறைக்கும். தெரியாத கார் கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தும்.

இப்போது எங்களுக்கு வரும் ஃபைல்களில் பெரும்பாலும் கம்ப்யூட்டரே முதலில் பாக்ஸ் போட்டு அனுப்புகிறது. நாங்கள் திருத்துகிறோம். வேலை சுலபமாகிவிட்டது என்று வெளியே சொல்கிறார்கள். எனக்கு இதுதான் கஷ்டமான வேலை. ஏற்கெனவே போட்டிருக்கும் பெட்டியைப் பார்த்தால் கண் சரி என்று சொல்லிக் கடந்துவிடும். அதனால் எங்கள் டீமில் டவுட்டையும் வேலையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேசி வாங்கியிருக்கிறோம். புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரம் நான் பாக்ஸ் போடவே விடுவதில்லை. கம்ப்யூட்டர் போட்ட பெட்டிகளைக் கொடுத்து, எதில் சந்தேகம் வருகிறது என்று எழுதச் சொல்கிறேன். எதிலும் வரவில்லை என்று ஷீட்டைக் காலியாகக் கொடுப்பவரை அதே ஃபைலுடன் மறுநாளும் உட்கார வைக்கிறேன்.