குடோன் வருது, ரேக் மட்டும் காணோம்

நேத்து ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஒரே ஒரு ட்ரீவியூவோட (ஒண்ணுக்குள்ள ஒண்ணா கிளை கிளையா திறந்து காட்டுற பட்டியல்) மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஒரு ஹார்ட்வேர் கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர், டபிள்யூபிஎஃப்ல பண்றது (விண்டோஸ் புரோகிராமுக்கு திரை அமைக்கிற மைக்ரோசாஃப்ட் கருவி, 2006ல வந்த சமாச்சாரம்தான், ஆனா எனக்கு இன்னும் அதான் கைக்கு வருது). மூணு அடுக்கு: குடோன், அதுக்குள்ள ரேக், ரேக்குக்குள்ள சரக்கு. ரன் பண்ணா குடோன் பேரு அழகா வருது, அம்புக்குறிய அமுக்குனா கீழ எட்டு வரி திறக்குது, எட்டுலயும் ஒரு எழுத்து கிடையாது.

டேட்டாபேஸத்தான் முதல்ல திட்டுனேன். அப்புறம் அவுட்புட் விண்டோவ பாத்தா பைண்டிங் எரரா (திரையையும் டேட்டாவையும் இணைக்கிறதுல வர்ற பிழை) கொட்டிக் கிடக்கு, ரேக் கிளாஸ்ல (ரேக்குன்னா என்னென்ன விவரம்னு கோட்ல எழுதி வச்ச அச்சு) 'குடோன்நேம்'னு ப்ராப்பர்ட்டியே, அதாவது அப்படி ஒரு விவரமே இல்லையாம். ரேக்குல அது எதுக்குய்யா இருக்கணும்?

நான் பண்ண கூத்து என்னன்னா, குடோனுக்கு எழுதின ஹைரார்க்கிக்கல் டேட்டா டெம்ப்ளேட்டுக்கு (ஒரு வரி எப்படித் தெரியணும், அதுக்குக் கீழ என்ன வரணும்னு சொல்ற அச்சு) ஒரு கீ, அதாவது ஒரு பேரு குடுத்து, ட்ரீவியூவோட ஐட்டம்டெம்ப்ளேட்ல (வரிக்கு எந்த டெம்ப்ளேட்னு சொல்ற இடம்) நேரா மாட்டி வச்சிருந்தேன். அப்படி மாட்டினா, நடுவுல வேற எதுவும் சொல்லாத வரைக்கும் அப்பன் சட்டையவே புள்ளைக்கும் பேரனுக்கும் போட்டு விட்டுடும். கீழ் அடுக்க எங்கேருந்து எடுக்கணும்னு சொல்ற ஐட்டம்ஸ்சோர்ஸுக்கும் அதே கதி, அதான் ரேக் பக்கத்துல அம்புக்குறியே வரல.

கீயையும் ஐட்டம்டெம்ப்ளேட்டையும் தூக்கிட்டு, ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் டேட்டாடைப் (இது எந்த கிளாஸுக்குன்னு சொல்றது) மட்டும் போட்டு ட்ரீவியூவோட ரிசோர்ஸஸ்ல (டெம்ப்ளேட் மாதிரி சமாச்சாரங்கள வைக்கிற இடம்) வச்சேன். இப்ப எந்த கிளாஸ் வருதோ அதுக்கானத அதுவே எடுத்துக்குது. கடைசி அடுக்கு சரக்குக்கு சாதா டேட்டா டெம்ப்ளேட்டே போதும். டேட்டாடைப்ல இன்டர்ஃபேஸ் (கிளாஸுங்களுக்கு என்னென்ன இருக்கணும்னு மட்டும் சொல்ற பொது ஒப்பந்தம்) பேர போட்டு ஏமாறாதீங்க, கிளாஸ் பேர்தான் செல்லும்.

போன வாரமே கடைக்காரர் "ரேக்குல வைக்காம தரையில கிடக்குற சிமெண்ட் மூட்டையும் குடோனுக்கு கீழயே வரணும் தம்பி"ன்னு சொல்லியிருந்தார், எப்படிப் பண்றதுன்னு மண்டை காஞ்சிட்டு இருந்தேன். இப்ப ரேக்கையும் சரக்கையும் ஒரே கலெக்‌ஷன்ல கலந்து குடுத்தேன், ரெண்டும் அதது டெம்ப்ளேட்ல வந்து உக்காந்துடுச்சு. ஸ்டாக் பத்துக்கு கீழ போனா சிவப்பா காட்ட ஒரு டேட்டாட்ரிகர் (டேட்டா ஒரு மதிப்புக்கு வந்தா தோற்றத்த மாத்துறது). அதுக்கு 'குறைவா'ன்னு கேக்கத் தெரியாது, 'சமமா'ன்னு மட்டும்தான், அதனால பத்துக்கு கீழயா இல்லையான்னு சொல்ல கிளாஸ்லயே ஒரு பூலியன் (ஆமா/இல்லன்னு மட்டும் சொல்ற மதிப்பு) வச்சுட்டேன்.

இன்னைக்கு காலைல போன், "அம்புக்குறி வேணாம், பழைய மாதிரி ப்ளஸ் குறி போடுங்க"ன்னு. அந்தக் குறி டேட்டா டெம்ப்ளேட்லயே இல்ல, ட்ரீவியூஐட்டத்தோட (ட்ரீவியூல வர்ற ஒவ்வொரு வரியும்) கன்ட்ரோல் டெம்ப்ளேட்டுக்குள்ள (அந்த வரியோட மொத்த அமைப்பு) ஒரு டாகிள் பட்டனா (அமுக்குனா திறக்கும், மறுபடி அமுக்குனா மூடும்) உக்காந்திருக்கு. ராத்திரிக்கு வேலை ரெடி.