பக்கத்து வீட்டுக்குப் போன மெயில்கள்

கையால் தைத்த நோட்டுகளை விற்க ஒரு தளம் தொடங்கலாம் என்று உட்கார்ந்தபோது மனதில் ஒரே பெயர்தான் இருந்தது. சின்னப் பெயர், ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. டாட் காம் போட்டுத் தேடினேன். யாரோ முன்பே எடுத்திருந்தார்கள். பெயரை விட மனம் வரவில்லை. அதையே டாட் நெட்டில் பதிவு செய்துவிட்டேன்.

மூன்றாவது வாரமே ஒரு மெயில் வந்தது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து. "இது உங்களுக்கு வர வேண்டியது என்று நினைக்கிறேன்" என்று எழுதி, கீழே 60 நோட்டுகளுக்கான ஆர்டரை இணைத்திருந்தார். ஆர்டர் கொடுத்தவர் கைப்பழக்கத்தில் டாட் காம் என்று அடித்திருக்கிறார். அந்த டாட் காம் ஒரு தச்சருடையது. அந்த டொமைனில், அதாவது அந்த இணைய முகவரியில், எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் தன் பெட்டியில் விழும்படி அவர் அமைத்திருந்தார். அதனால்தான் எனக்கே தெரிய வந்தது. எட்டு மாதம் பொறுமையாக ஒவ்வொன்றையும் அனுப்பி வைத்தார். அவர் நல்ல மனிதர். ஆனாலும் என்னை நம்பி வீட்டு முகவரியும் போன் நம்பரும் தந்தவர்களின் மெயில்கள் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தன. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால், விரும்பிய டொமைன் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அங்கே ஆள் குடியிருக்கிறாரா என்பதைத்தான். தளத்தைத் திறந்து பாருங்கள். வெறுமையாக இருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடுங்கள். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் பதிவான நாளும் காலாவதி நாளும் தெரியும். உரிமையாளர் பெயர் மட்டும் 2018க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்தே இருக்கிறது. காலாவதி நெருங்கிவிட்டது என்று ஆசைப்பட வேண்டாம். டாட் காமுக்கு அதன் பிறகும் உரிமையாளர் புதுப்பிக்க 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், அப்புறம் மீட்டுக்கொள்ள 30 நாள், நீக்குவதற்கு முன் 5 நாள். அதையும் தாண்டி விடுபட்டால், நல்ல பெயர்களைப் பிடிக்கவே மென்பொருளோடு காத்திருக்கும் நிறுவனங்கள் நொடியில் எடுத்துவிடும்.

விற்பனைக்கு என்று போட்டிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். எவ்வளவு வரை போவோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாக மட்டும் கொடுங்கள். வர்த்தக முத்திரை உள்ளவர்களுக்கு 1999 முதல் டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யூடிஆர்பி என்ற முறை இருக்கிறது. அதில் வெல்ல, எதிர்த்தரப்பு தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். நமக்கு முன்னால் நேர்மையாக எடுத்தவரிடம் அது செல்லாது, செல்லவும் கூடாது.

எனக்கு வழி காட்டியவள் தங்கைதான். "பேரோட ஒரு வார்த்தை சேர்த்துப் பாருக்கா. போன்ல ஒரு தடவை சொன்னா புரியணும், அவ்வளவுதான்" என்றாள். பதினான்கு பெயர்களைச் சொன்னேன், அவள் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். அவள் அடுத்த அறையிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்தது 'தையல்' சேர்ந்த பெயர். நான் டி, ஒய் என்று எழுதியிருந்தேன். அவள் தாளில் டிஎச், ஐ. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. நடுவில் சின்னக் கோடு போட்டவையும் போயின, அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் பழைய பெயரோடு 'புக்ஸ்' சேர்த்து டாட் காமே கிடைத்தது.

சொல் சேர்த்தால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை. ஃபேஸ்புக் 2004இல் 'தஃபேஸ்புக்' டாட் காமாகத்தான் தொடங்கியது; 'த' இல்லாத பெயரை அடுத்த ஆண்டு 2 லட்சம் டாலருக்கு வாங்கியது. டெஸ்லா 2016 வரை 'டெஸ்லாமோட்டார்ஸ்' என்ற முகவரியில்தான் இருந்தது.

பழைய டாட் நெட்டை நான் விடவில்லை. விட்டால் வேறு யாராவது எடுப்பார்கள், அந்த முகவரிக்கு வரும் மெயில்கள் அவர்களிடம் போகும். ஆண்டுதோறும் புதுப்பித்து, வருபவர்களைப் புதிய தளத்துக்குத் திருப்பி விடுகிறேன். தச்சருக்கு என் நோட்டு ஒன்றை அனுப்பினேன். அளவுகள் குறித்துக்கொள்ளப் பட்டறையில் வைத்திருப்பதாகப் பதில் எழுதினார்.