பைக்கை இறக்கினேன், செலவு ஏறியது

என் உயரம் 165 சென்டிமீட்டர். மண்பாதைக்கும் ரோட்டுக்குமான ஹோண்டா சிஆர்எஃப்250எல் பைக்கின் இருக்கை உயரம் 875 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். சிங்கப்பூரில் 400 சிசி வரை ஓட்டவிடும் 2ஏ லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டில், காக்கி புக்கிட் வட்டாரத்தில் ஒரு கடை வாசலில் பழைய வண்டி ஒன்று சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் அது என் பிளாக் கார்பார்க்கில் நின்றது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நிறுத்தும்போதுதான் வம்பு. சனிக்கிழமை விடிகாலையில் மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். மூணடி நகரும், நிற்கும், மறுபடி மூணடி. எனக்கு இடது கால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும் என்று ஆனது உண்மையிலேயே வரம். அதற்கு முன்பு ஒற்றைக் கால் விரலில் நின்றபடி பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவுவது சர்க்கஸ். போகாமல் இருக்கவும் முடியாது. இந்த வகை வண்டிக்கு வேண்டிய செம்மண் பாதை எல்லாம் மலேசியாவில் கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கிடக்கிறது.

சரி, பைக்கை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பின் சஸ்பென்ஷனில் ஒரு இணைப்புத் துண்டு இருக்கும். அதற்குப் பதில் வேறு அளவில் செய்த 'லோவரிங் லிங்க்' போட்டால் பின்பக்கம் தாழும். இணையத்தில் ஆர்டர் செய்தேன். கையளவு அலுமினியத் துண்டுக்குத் தபால் செலவு, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அதோடு ஒரு எக்ஸாஸ்டும் (புகைக்குழாய்) பார்த்து வைத்திருந்தேன். வழக்கமாகப் போகும் வொர்க்ஷாப் அண்ணனிடம் காட்டினேன். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருபவர், பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார்.

"தம்பி, எக்ஸாஸ்டுக்கு எல்டிஏ அப்ரூவல் இருக்கா? இல்லேன்னா என்கிட்ட கொண்டு வராத. வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் போற வண்டி இது."

மூன்று வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அனுமதி இல்லாமலே மாற்றக்கூடியவை, அனுமதி வாங்கி மாற்ற வேண்டியவை, தொடவே கூடாதவை என்று எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையம், மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் இரண்டாவது வகை. நான் பார்த்து வைத்ததற்கு அனுமதி இல்லை, ஆசையை அங்கேயே விட்டேன். மற்றவற்றையும் அந்தப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டோம்.

லிங்க் மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஹேண்டில் திருப்புவதற்கு மந்தமாகிவிடும் என்று அண்ணன் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும் பிடிகளுக்குள் 15 மில்லிமீட்டர் மேலே தள்ளினார். இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலின் முன்பாதமும் தரையில்! கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். எனக்கு அது ஒரு மாடி இறங்கியது போல.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரு ராத்திரி. வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டது. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி ஏறக்குறைய நேராக நின்றது. "ரெண்டு நாள்ல கொண்டு வா, வெட்டிடலாம். அதுவரைக்கும் சுவரோரமா நிறுத்து" என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எங்கள் கார்பார்க்கில் மேல்தளம் மழைநீர் வடிய லேசாகச் சரிந்திருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் வண்டி வலது பக்கம் படுத்திருக்கிறது. முன் பிரேக் லீவர் பாதியில் முறிந்து கிடக்கிறது. பக்கத்தில் வேறு வண்டி இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஸ்டாண்டை எவ்வளவு வெட்டுவது என்று அண்ணன் கணக்குப் போட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. டேப்பை எடுக்கவே இல்லை. இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் மெல்லிய பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஸ்டாண்டை மட்டும் தரையில் ஊன்றி, வண்டி பழைய சாய்வுக்கு வரும்வரை அடுக்கினார். அடுக்கின் உயரம் 18 மில்லிமீட்டர். ஸ்டாண்டு சாய்வாக இருப்பதால் கொஞ்சம் கூட்டி 20. நடுவில் அந்த அளவை வெட்டி எடுத்து, கீழ்ப்பாதியைத் திரும்ப வெல்டிங் வைத்தார்.

லீவர் மாற்றியாயிற்று. இனி விழுந்தால் உடையக் கூடாதே என்று கைப்பிடியையும் லீவரையும் மறைக்கும் ஹேண்ட்கார்டு வாங்கினேன். வளைந்த அலுமினியப் பட்டை உள்ள வகை, முனை ஹேண்ட்பாரின் நுனியில் இறுகும். மாட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தோம். இடதுபக்கம் திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறியது, ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பட்டை இழுக்கிறது. பட்டையைக் கொஞ்சம் கீழே சாய்த்ததும் சரியானது. இதைப் பார்க்காமல் ரோட்டில் இறங்கியிருந்தால் முதல் வளைவிலேயே தெரிந்திருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13க்கு மாற்றினேன். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். சேற்றில் முதல் கியர் அருமையாக இழுத்தது. ஆனால் இந்த வண்டி வேகத்தை கியர்பாக்ஸ் பக்கமிருந்து அளக்கிறது. பிஐஇ விரைவுச்சாலையில் நிஜமாக 90இல் போனால் மீட்டர் 97 காட்டும். கிலோமீட்டர் கணக்கும் அதே விகிதத்தில் பொய். இரண்டு மாதத்தில் பழைய 14ஐயே போட்டுவிட்டேன். வாரம் ஐந்து நாள் தார் ரோடு, மாதம் ஒரு நாள் சேறு என்றால் எனக்கு அதுதான் சரி.

போன மாதம் தோட்டத்துக்குப் போனோம். அதற்கு முந்தின நாள் மழை. தேநீர் குடிக்க ஒரு மேட்டில் நிறுத்தினேன். ஸ்டாண்டின் சின்னப் பாதம் செம்மண்ணில் மெல்ல மெல்லப் புதைந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி இடது பக்கம் படுத்தது. ஹேண்ட்கார்டு லீவரைக் காப்பாற்றியது, அந்தக் காசு வீண் போகவில்லை. நண்பன் ஒரு காலி மைலோ டின்னை மிதித்துத் தட்டையாக்கி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான்.

திங்கள்கிழமை அண்ணனிடம் சொன்னேன், பாதத்துக்கு அகலமான தகடு வேண்டும் என்று. சிரித்தார். "கோவணத்தை எலி கடிக்குதுன்னு பூனை வளர்த்த சாமியார் கதைதான் தம்பி. நீ இப்ப பசுமாடு வாங்குற இடத்துக்கு வந்துட்ட."

தகட்டுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி கேட்டார். டின் இன்னும் பையில்தான் இருக்கிறது.