பஸ் நிறையும் வரை

எங்கள் முன்பள்ளியிலிருந்து போன கிழமை பருத்தித்துறைக்கு ஒரு பஸ் போனது. ஒன்பது சின்னக் கதிரைகள், முன்னால் ஒரு சுளகு. சுளகுதான் ஸ்டியரிங். சாரதிக்கு நாலரை வயது. கொண்டக்டர் அவனைவிட இரண்டு மாதம் இளையவள். காலை 9 மணிக்குக் கதிரை அடுக்கத் தொடங்கியவர்கள் ஒன்பதரை ஆகியும் பஸ்ஸை எடுக்கவில்லை.

"என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டேன்.

சாரதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ் நிறையேல்லை ரீச்சர்."

யாழ்ப்பாணத்தில் மினிபஸ்ஸுக்குள் வேர்த்து விறுவிறுக்கக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதில்லை. கொண்டக்டர் வாசல் பக்கம் நின்று "நெல்லியடி, நெல்லியடி" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பழைய கலண்டர்த் தாளை ரிக்கெற்றுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கதிரை யாருக்கு என்ற வழக்குத் தீர ஐந்து நிமிடம். பொம்மைக்கு ரிக்கெற் வேண்டுமா, மடியில் வைத்தால் காசில்லையா என்ற பேச்சில் இன்னும் கொஞ்சம் போனது. ஒருவழியாக பஸ் புறப்பட்டபோது சுவர் மணிக்கூட்டில் 9.40.

எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய பழைய நேரசூசியில் 9.40க்கு மணி அடிக்கவேண்டும்.

அந்த நேரசூசியை நான்தான் எழுதினேன். முதன்முதல் வகுப்பைப் பொறுப்பெடுத்த வருடம், பிறிஸ்டல் போட்டில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நாலு நிறப் பேனையால். 8.30 தேவாரம், 8.40 உடற்பயிற்சி, 9.00 மொழி, 9.20 கணிதம், 9.40 சுற்றாடல், 10.00 இடைவேளை, 10.30 ஆக்கம், 10.50 ஆங்கிலம், 11.10 கதை, 11.30 வீடு. பார்க்க வந்த அதிகாரி ஒருவர் "வடிவா இருக்கு" என்றார். வடிவாகத்தான் இருந்தது. பெரிய பள்ளிக்கூடத்தின் பாடவேளையைத் தோய்த்துச் சுருங்கவைத்து மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டதுபோல. விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. இடைவேளையில் சாப்பிட்டு மிஞ்சினால் விளையாட்டு.

ஏதோ சரியில்லை என்பது பிள்ளைகளின் முகத்தைவிட என் தொண்டையில்தான் முதலில் தெரிந்தது. மத்தியானம் ஆனால் குரல் வராது. ஒரு கிழமை, வரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன்: "வரிசையில் நில்லுங்கோ", "எடுத்து வையுங்கோ", "வாயில விரல் வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் மட்டும் எவ்வளவு? மூன்று மணித்தியாலத்தில் ஏறக்குறைய 50 நிமிடம். நான் மொழியும் கணிதமும் படிப்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதிக நேரம் படிப்பித்தது காத்திருக்கத்தான்.

கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் 22 பிள்ளைகள், இரண்டு பைப். சவர்க்காரம் போட்டு 20 செக்கனாவது தேய்க்கவேண்டும். கைச்சட்டையை மடிப்பது, சவர்க்காரம் வழுக்கி விழுவது, முன்னால் நிற்பவனுக்குத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். 11 நிமிடம். முதலாவதாகக் கழுவிய பிள்ளை, கடைசிப் பிள்ளை வருவதற்குள் மறுபடியும் மண்ணில் கை வைத்திருக்கும். இதை நேரசூசியில் எங்கே எழுதுவது? ஒருவரும் எழுதுவதில்லை. 10.00 மணிக்கு ஒரு கட்டம் முடியும், அதே 10.00 மணிக்கு அடுத்தது தொடங்கும். அந்தக் கோட்டுக்குக் கனமே இல்லை என்பதுபோல.

ஆகவே நான் நேரசூசி போடும்போது இப்போது முதலில் எழுதுவது பைப்பையும் செருப்பையும்தான். முற்றத்துக்கு ஒருதரம் போய் ஒருதரம் வந்தால் போதும்; இரண்டுதரம் போனால் செருப்புப் போடுவதிலேயே கால் மணித்தியாலம் போய்விடும். கை கழுவ எல்லாரையும் ஒன்றாக எழுப்புவதில்லை. மற்ற ரீச்சர் பாயில் கதை சொல்லிக்கொண்டிருக்க, நாலு நாலு பேராக எழுந்து போய் வருவார்கள். கதையின் நடுவில் போனவனுக்குப் பக்கத்தில் இருப்பவள் விட்டதைச் சொல்லிக்கொடுப்பாள். பெரும்பாலும் பிழையாக. நரி தப்பிவிட்டது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், கதையில் நரி கிணற்றுக்குள் கிடக்கிறது.

அப்புறம்தான் பெரிய கட்டம். 8.50இலிருந்து 10.00 மணிவரை ஒரே நீட்டு, 70 நிமிடம், மணி இல்லை. கடை மூலை, கட்டை மூலை, வர்ணம், மணல், புத்தகப் பாய் எல்லாம் திறந்திருக்கும். எங்கே போகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் கேட்போம், முடிந்தபின் என்ன செய்தாய் என்று கேட்போம். டிப்ளோமாப் படிப்பில் படித்தது இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹைஸ்கோப் என்ற முறையில் திட்டமிடு, செய், மீட்டுப் பார் என்று மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்காகப் பாடமாக்கியபோது அது எனக்கு வெறும் மூன்று சொல். "நான் பஸ் ஓடப்போறன்" என்று ஒருவன் சொல்லிவிட்டு 40 நிமிடம் கதிரை அடுக்கியதைப் பார்த்தபோதுதான், நடுவில் இருக்கும் "செய்" எவ்வளவு நீளம் என்று விளங்கியது. ஆள் சேர்க்கவேண்டும், சாமான் தேடவேண்டும், யார் என்ன வேலை என்று முடிவெடுக்கவேண்டும், கோபித்துக்கொண்டு போனவனைத் திரும்பக் கூப்பிடவேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகுதான். 20 நிமிடக் கட்டத்தில் நான் இத்தனை வருடம் நிறுத்தியது எல்லாம் புறப்படாத பஸ்களை.

இன்னொன்றும் உண்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்து எழுதியபோது, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். எங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் இருக்கிறான். சித்திரையில் சேர்ந்தவன். தூணோடு சாய்ந்து நின்று பார்ப்பான். "போய் விளையாடு அப்பன்" என்று தள்ளிவிடும் ஆள்தான் நானும். இப்போது விட்டுவிடுகிறேன். பஸ் புறப்படப்போகும் நேரம் அவன் தூணை விட்டு வந்தான். ஏறப்போகிறான் என்று நானும் மற்ற ரீச்சரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஏறவில்லை. கையில் இருந்த ஊமலை (காய்ந்த பனங்கொட்டை) கொண்டக்டரிடம் நீட்டி, "இதை நெல்லியடியில குடுங்கோ, ஆள் வந்து நிக்கும்" என்றான். பார்சல்! கொடுத்துவிட்டுத் திரும்பவும் தூணடிக்குப் போய்விட்டான்.

அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. ஊமல், சிரட்டை, பனையோலைப் பெட்டி, சோகி, துணித்துண்டுகள். குன்றிமணி மட்டும் வகுப்புக்குள் வரக்கூடாது. பார்க்க அழகு, விதை நஞ்சு. புளியங்கொட்டையையும் மூன்று வயதுக்காரரிடமிருந்து எடுத்துவிட்டேன். ஒன்று ஒரு மூக்குக்குள் போய், அந்தப் பிள்ளையை ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடிய நாளை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். பிழை என்னுடையதுதான்.

ஒரே நேரசூசி வருடம் முழுக்க ஓடும் என்று நினைப்பதும் சரிவராது. சித்திரை, வைகாசியில் 10 மணிக்கு மணல் சுடும். அப்போது வந்த கையோடு முற்றம், பிறகுதான் உள்ளே. மாரியில் நேர்மாறு. மழை விட்ட நேரம்தான் முற்றம், அது 9 மணியோ 11 மணியோ, வானத்தைக் கேட்கவேண்டும். ஐப்பசிக்குப் பிறகு இன்னொரு வேலையும் சேரும்: வெளியே இருக்கும் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பது. டெங்குக் காலம். "நுளம்புக்கு வீடு இல்லை" என்று கத்திக்கொண்டே கவிழ்ப்பார்கள். எண்ணச் சொன்னால் எண்ணுவார்கள். ஒருநாள் 34 சிரட்டை. ஒன்றைக் காணவில்லை என்று முற்றம் முழுக்கத் தேடினோம். என் பழைய 9.20 கணிதத்தில் ஒருவரும் 34வரை எண்ணியதில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் தனிக் கணக்கு. இரவு கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகள் காலையில் பாயிலேயே சரிவார்கள். அந்த நாட்களில் காலைப்பொழுது புத்தகம், களிமண் என்று மெல்லத்தான் போகும். ஒன்பதரைக்கு மேல் உசாராகிவிடுவார்கள். கதிரை தேராகும், துவாய் கொடியாகும், மூலையில் ஐஸ்கிறீம் கடை வரும். யார் இழுப்பது, யார் மேலே இருப்பது என்று பெரிய சண்டை.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். புதிய நேரசூசியைக் காட்டிய அன்று ஒரு தகப்பன் எழும்பினார். "ரீச்சர், விளையாட வீட்டில முற்றம் இருக்குத்தானே. ஒண்டாம் வகுப்புக்குப் போகேக்க அ, ஆ தெரியாட்டி ஆர் பதில் சொல்லுறது?" பின்வரிசையில் தலைகள் ஆடின. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இப்போதெல்லாம் மூன்று வயதிலேயே விழுந்துவிடுகிறது. நான் ஏதேதோ சொன்னேன். கிண்டர்கார்டன் என்ற பேரை 1840இல் ஜெர்மனியில் வைத்த ஃபுரோபெல் விளையாட்டைத்தான் நடுவில் வைத்தார் என்றுகூடச் சொன்னேன். ஒருவருக்கும் ஏறவில்லை; ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் பிள்ளை நாலு வயதில் வாசிக்கிறது என்று ஒரு தாய் சொன்னார். கடைசியில் ஒரு அம்மம்மாதான் காப்பாற்றினார். "வீட்டில முற்றம் இருக்கு தம்பி. விளையாட ஆர் இருக்கு? ஒற்றைப் பிள்ளை, நானும் போனும்தானே."

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்தத் தவணை முடிய இரண்டு பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பக்கம் எழுதிய கொப்பி ஒன்று இன்னமும் வீட்டுக்குப் போகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஒரு பக்கம்தான் மற்ற நாலு நாளையும் எனக்கு வாங்கித் தருகிறது. அதே தகப்பனுக்கு பஸ் ரிக்கெற் ஒன்றைக் காட்டினேன். கலண்டர்த் தாளில் அவருடைய மகள் "ப" மாதிரி ஒன்று எழுதியிருந்தாள், பருத்தித்துறைக்கு. இடம் வலம் மாறவில்லை, தலைகீழாகத்தான் இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லி, மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சுவரில் இப்போது பிறிஸ்டல் போட் இல்லை. ஒரு கயிற்றில் ஏழு படங்கள், உடுப்புக் கிளிப்பில் தொங்குகின்றன: வாசல், விளக்கு, கட்டைகள், பைப், சாப்பாட்டுப் பெட்டி, மாமரம், பை. மணிக்கூடு பார்க்கத் தெரியாதவர்களுக்கு அடுத்தது என்ன என்பது தெரிந்தால் போதும். மழை வந்தால் மாமரத்தைக் கழற்றிப் பின்னுக்குக் கொழுவுவோம். கைமணியை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். முடிக்கும் நேரம் வந்தால் அவர்கள் விளையாட்டுக்குள்ளேயே போய்ச் சொல்வேன்: "சாரதி, கடைசி ட்ரிப்."

அன்று அப்படிச் சொன்னபோது சாரதி யோசித்தான். "பஸ்ஸை இஞ்ச விட்டிட்டுப் போகலாமோ?" மேசைகளைச் சாப்பாட்டுக்குப் போடவேண்டிய இடம் அது. மற்ற ரீச்சரைப் பார்த்தேன். சரி என்று பாயை வராந்தாவில் விரித்தோம். கௌபி அவியலைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் பஸ்ஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கதிரைகள் இன்னும் அப்படியே வரிசையில் நிற்கின்றன. நாளைக்குக் காங்கேசன்துறைக்காம். கொண்டக்டர் வேலைக்கு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஊமல் போய்ச் சேர்ந்ததா என்று தூணடிக்காரன் இரண்டுதரம் விசாரித்துவிட்டான்.