லேபிள் வெட்டிய சட்டைகள்: ஒரு டெல்லி நாட்குறிப்பு

2024 நவம்பர் 9, சனி

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் இந்த ஆண்டு காலோடு ஒட்டிய ஜீன்ஸை அணிந்து வருபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள்தாம். மாணவர்களிடம் அகலக் கால் ஜீன்ஸும், தொடையின் பக்கவாட்டில் பெரிய பை தைத்த கார்கோவும், இரண்டு அளவு பெரியதாக எடுத்த டி-ஷர்ட்டும் நிலைத்துவிட்டன. மாணவிகளில் ஒரு பகுதியினர் இதையே அணிய, மற்றொரு பகுதியினர் ஜெய்ப்பூர் அச்சு குர்த்தா, ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கி, கோலாப்பூரிச் செருப்பு, தோளில் துணிப்பை என்று வருகிறார்கள். குளிர் இறங்கியதும் இவர்கள் மேல் ஒரு காஷ்மீர் ஃபிரன், அதாவது தொளதொளத்த நீள மேலங்கி, ஏறும். எங்கே வாங்கியது என்று எவரைக் கேட்டாலும் 'சரோஜினி' (சரோஜினி நகர்ச் சந்தை) அல்லது 'த்ரிஃப்ட்' (பிறர் உடுத்திய பழைய ஆடை) என்ற இரண்டில் ஒரு பதில்தான் வருகிறது, அதுவும் சற்றுப் பெருமையோடு.

நான் திருப்பூரில் வளர்ந்தவள். எந்த ஆடையையும் முதலில் உட்புறமாகத் திருப்பித் தையலைப் பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இங்குள்ள 'பழைய' ஆடைகளைப் பார்க்கத் தொடங்கியதில், அவற்றில் பல ஒருமுறைகூடத் துவைக்கப்படாதவை என்பது தெரிந்தது. ஒரே பெயரில் புழங்கும் இந்தத் துணிகள் உண்மையில் எங்கெங்கிருந்து வருகின்றன என்பதை இந்தக் குளிர்காலத்தில் எழுதி வைக்க எண்ணியிருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

விஸ்வவித்யாலயா நிலையத்தில் மஞ்சள் தடத்தில் ஏறி, ஐ.என்.ஏ.வில் இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே சரோஜினி நகர். திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை; ஞாயிறு போவது அறிவுடைமை ஆகாது என்று விடுதியில் எச்சரித்திருந்தார்கள், அது சரிதான். ஒதுக்கீடு பெற்ற கடைகளுக்கு முன்னால் நடைபாதைக் கடைகள், அவற்றுக்கும் முன்னால் தரையில் விரித்த குவியல்கள், குவியலின் மேல் நின்றபடி விலையைக் கூவும் பையன்கள் என்று நடக்க இடமில்லை. நகராட்சி வண்டி வருகிறது என்ற செய்தி பரவினால், விரிப்பின் நான்கு முனையையும் பிடித்து ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். வண்டி போனதும் அதே இடத்தில் அதே குவியல் மீண்டும் விழுகிறது.

குவியலில் இருந்தவற்றில் கணிசமானவை ஏற்றுமதி மிச்சம், அதாவது வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவை. கழுத்தில் இருக்கும் பிராண்ட் லேபிள் பாதியாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது அதன் மேல் கறுப்பு மை இழுக்கப்பட்டிருக்கும். தன் பெயரோடு மிச்சம் சந்தைக்குப் போகக் கூடாது என்பது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் நிபந்தனை. ஆனால் பக்கத் தையலில் இருக்கும், துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிளைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அமெரிக்காவுக்குத் தைத்த ஆடையாக இருந்தால் அதில் ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கலாம். அது அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் நிறுவனங்களுக்கு வழங்கும் பதிவெண். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். இதை என் அறைத்தோழிக்குக் காட்டியதிலிருந்து அவள் சட்டையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத் தையலைப் பார்க்கிறாள்.

குவியலின் அடியில் ஒட்டிய ஜீன்ஸ் ஏராளமாகக் கிடந்தது. மேலே இருக்கும் அகலக் கால் ஜீன்ஸுக்கு நானூறு ரூபாய் என்றால் இதற்கு நூறு, பேரம் பேசினால் அதற்கும் குறைவு. துணியும் தைப்பும் இரண்டிலும் ஒரே தரம். சில ஜோடிகளில் ஒட்டிய ஜீன்ஸே கனமான டெனிம். விலையில் உள்ள வேறுபாடு முழுவதும் காலின் அகலத்துக்கு மட்டுமே.

நவம்பர் 26, செவ்வாய்

நூலகத்தில் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய உடை வரலாற்றாளர் ஜேம்ஸ் லேவர் 1937இல் வகுத்தது. ஓர் உடை தன் காலத்துக்குப் 10 ஆண்டு முன்னால் அணியப்பட்டால் ஆபாசம், 5 ஆண்டு முன்னால் வெட்கங்கெட்டது, ஓராண்டு முன்னால் துணிச்சல், உரிய காலத்தில் நாகரிகம். ஓராண்டு கழிந்தால் மங்கல், 10 ஆண்டில் அருவருப்பு, 20இல் கேலிக்குரியது, 30இல் வேடிக்கை, 50இல் விசித்திரம், 70இல் கவர்ச்சி, 100இல் ரொமான்டிக், 150இல் அழகு. கிண்டலும் கணக்கும் கலந்த பட்டியல் என்றாலும், வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றிவரலாம்.

சுற்றிவந்தால் பட்டியலின் பின்பாதி சுருங்கிவிட்டது தெரிகிறது. இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் ஜீன்ஸ் 2000களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தது. லேவரின் கணக்குப்படி அது இப்போது கேலிக்குரியதாக இருக்க வேண்டும், ஆனால் முதலாண்டு மாணவிகள் அதைத் தேடி அலைகிறார்கள். கார்கோவின் பயணம் இன்னும் நீளமானது. தொடைப்பை 1938இல் பிரிட்டிஷ் படைவீரரின் சீருடையில் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களின் காற்சட்டைக்குப் போனது, 1990களில் தெருவுக்கு இறங்கியது, பிறகு பல ஆண்டுகள் அப்பாக்களின் வார இறுதி உடையாக இழிவுபட்டுக் கிடந்து, இப்போது தத்துவத் துறை மாணவர்களின் கைப்பேசியைச் சுமக்கிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் 1904இல் எழுதிய கட்டுரையையும் படித்தேன். மேல்தட்டினர் ஒன்றை அணிவார்கள், கீழ்த்தட்டினர் அதைப் பின்பற்றுவார்கள், பின்பற்றியதும் மேல்தட்டினர் வேறொன்றுக்கு நகர்ந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். சரோஜினியில் அது பாதிதான் பொருந்துகிறது. காரில் வந்து இறங்கும் தெற்கு டெல்லிப் பெண்ணும் விடுதிக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் நானும் ஒரே குவியலில் கை விடுகிறோம். குறைந்த விலைக்குப் பிடித்தது என்று சொல்வதில்தான் இங்கே பெருமை. ஆனால் அவளுக்கு அது ஒரு தேர்வு என்பதையும் எனக்கு அப்படி அல்ல என்பதையும் இருவரின் செருப்பும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்ஸ்டாகிராமில் த்ரிஃப்ட் பக்கம் நடத்தும் தோழி ஒருத்தியோடு விடியுமுன் மேற்கு டெல்லியின் ரகுபீர் நகருக்குப் போனேன். உண்மையிலேயே மனிதர்கள் உடுத்திக் கழித்த துணியை, மொத்தமாகப் பார்த்தது இங்கேதான். குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட வாக்ரி சமூகப் பெண்கள் பகலில் வீடுவீடாகப் போய் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குகிறார்கள். நம் ஊரில் பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுக்க வருபவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துணி அதிகாலை நான்கு மணிக்கு இந்தத் திடலுக்கு வருகிறது. வாங்குபவர்கள் டார்ச் வெளிச்சத்தில் அக்குளையும் காலரையும் பார்த்து விலை சொல்கிறார்கள். பித்தான் மாற்றி, கறை நீக்கி, சில வேளை சாயம் ஏற்றி, இஸ்திரி போட்டு வெவ்வேறு வாரச் சந்தைகளுக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

இங்கே நாகரிகம் என்ற பேச்சே இல்லை. ஆண்களின் பேண்ட்டுக்கு நல்ல விலை, காரணம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். பெண்களின் தைத்த உடைகளுக்கு விலை குறைவு, ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. தோழி தேடியது தொண்ணூறுகளின் பெரிய கட்டம் போட்ட ஆண்கள் சட்டைகளை. அவற்றை விற்பவர் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. மாலைக்குள் அவள் அவற்றைத் துவைத்து, அளவு நாடாவோடு படமெடுத்து, வாங்கியதைவிடப் பல மடங்கு விலைக்குத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். துவைத்தல், தேர்ந்தெடுத்தல், அஞ்சல் செலவு என்று அவள் சொன்ன கணக்கு நியாயமானதே. ஆனாலும் பாத்திரம் சுமந்த பெண்ணின் பங்கு அதில் எவ்வளவு என்று நான் கேட்டேன், அவள் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

யாரும் வாங்காத துணியின் போக்கிடம் பற்றிச் சிறு குறிப்பு. டெல்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள பானிபட்டில் உலகெங்கிலும் இருந்து வரும் பழைய கம்பளி ஆடைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பித்தானும் ஜிப்பும் நீக்கப்பட்டு, இயந்திரத்தில் கிழிக்கப்பட்டு மீண்டும் நூலாகின்றன. நிறத்தைப் பிரித்துவிடுவதால் சாயம் ஏற்றத் தேவை குறைகிறது. பேரிடர்க் காலங்களில் நிவாரணமாக வழங்கப்படும் முரட்டுக் கம்பளிகளில் பெரும் பகுதி இங்கே பிறந்தவை. எடை குறைந்த பாலியெஸ்டர் ஃப்ளீஸ் போர்வை வந்த பிறகு அந்தத் தொழில் தளர்ந்தது, ஆக நாகரிக மாற்றத்துக்குக் கந்தல் ஆலையும் விலக்கில்லை.

2025 ஜனவரி 16, வியாழன், திருப்பூர்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மாமா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். சரோஜினியில் எடுத்த டி-ஷர்ட்டைக் காட்டியதும் உட்புறம் திருப்பி, ஃப்ளாட்லாக் தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, "நம்மூரு வேலைதான் கண்ணு" என்றார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போவதால் அது பெரிய துப்பறிதல் அல்ல.

மிச்சம் எப்படி உண்டாகிறது என்பதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஆர்டரில் உள்ள எண்ணிக்கையைவிட சில சதவீதம் கூடுதலாகவே துணி வெட்டுவார்கள், ஏனென்றால் துளை, சாய வேறுபாடு, தையல் பிசகு என்று செக்கிங்கில் கொஞ்சம் கழியும். கழிவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் நல்ல ஆடையே மிஞ்சும். அதோடு செகண்ட்ஸும் (சிறு குறையுள்ள ஆடைகள்), சில நேரம் பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், ரத்து செய்த முழு ஆர்டரும் சேர்ந்து, மிச்சத்தை மொத்தமாக வாங்கும் ஸ்டாக் லாட் வியாபாரியிடம் போகும்; அவர் எங்கள் ஊர்ச் சந்தையான காதர்பேட்டைக்கும் வடநாட்டுச் சந்தைகளுக்கும் பிரித்து அனுப்புவார். 2020இல் கொரோனாவால் வெளிநாட்டுக் கடைகள் மூடியபோது ரத்தான ஆர்டர்கள் குவிந்ததை மாமா இன்னும் மறக்கவில்லை. "பையர் வேண்டாம்னு சொன்னா அந்த ஸ்டைல் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லை கண்ணு, கன்டெய்னர் கிளம்பலைன்னு மட்டுந்தான் அர்த்தம்."

இதிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று. சரோஜினியில் நாங்கள் 'தனித்த ரசனை' என்று தேடி எடுப்பது, வேறொரு நாட்டின் கொள்முதல் அதிகாரி பல மாதங்களுக்கு முன் தீர்மானித்த நிறத்திலும் வெட்டிலும் விழுந்த மீதி. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற வாதமும் இந்த வகைத் துணிக்கு முழுமையாகப் பொருந்தாது: அதன் சாயத் தண்ணீர் ஏற்கெனவே எங்கள் ஊரில் செலவாகிவிட்டது. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாட்களில் ஊர் எப்படி வெறிச்சோடியது என்பது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மிச்சத்தை உடுத்துவது வீணாக்குவதைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை மறுபயன்பாடு என்ற கணக்கில் எழுதுவதை ரகுபீர் நகரைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

டெல்லி திரும்பியதும், சரோஜினியில் கிடைப்பது ஏற்றுமதி மீதிதான் என்ற கருத்தை அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் பாதியை மறுத்தாள். ஒரு ரீல் பரவினால் பல மாதம் காத்திருக்க யாருக்குப் பொறுமை என்று கேட்டு, கிழக்கு டெல்லியின் காந்தி நகர் ஆயத்த ஆடைச் சந்தைக்கு என்னை அழைத்துப் போனாள். சந்துக்குச் சந்து சிறு தையற்கூடங்கள். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டினால் மாதிரி வெட்டித் தந்துவிடுகிறார்கள். துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது, தையல் அகலமானது, வாஷ்கேர் லேபிளே கிடையாது. வில்லைபோல் பூவேலை செய்த ஒரு குட்டைச் சட்டை, சென்ற வாரம் விடுதியில் எல்லோரும் பகிர்ந்துகொண்ட அதே சட்டை, இங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

ஆகவே சரோஜினியின் ஒரே குவியலில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஏற்றுமதி மிச்சம் பருவம் தப்பி மெதுவாக வருகிறது, நல்ல துணியோடு; காந்தி நகர் நகல் ரீலின் வேகத்தில் வருகிறது, இரண்டு துவைப்புக்குள் தொளதொளக்கும் துணியோடு. முதலாண்டு மாணவிகள் இரண்டாவதை வாங்கி ஒரு பருவத்துக்குள் கழிக்கிறார்கள், முதுகலைக்கு வரும்போது முதலாவதைத் தேடுகிறார்கள். அடியில் கிடக்கும் நூறு ரூபாய் ஒட்டிய ஜீன்ஸில் கனமான டெனிமாகப் பார்த்து இரண்டு எடுத்து வைக்கலாம் என்று அறைத்தோழி சொல்கிறாள். திங்கள் விடுமுறை முடிந்து செவ்வாய் புதிய சரக்கு இறங்கும் என்கிறார்கள். அதற்குள் கேட்டால் இன்னும் இருபது ரூபாய் குறையும் என்பது அவள் கணக்கு.