கொடை வரியும் போர்ட்ஸ்மத் கிளப்பும்

ராத்திரி போனில் நான் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்பான போர்ட்ஸ்மத்தின் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் திட்டுவார்கள், நண்பர்கள் சிரிப்பார்கள். லிவர்பூல், மான்செஸ்டர் என்று ஆளுக்கொரு பெரிய கிளப்பைப் பிடித்திருக்க, இவனுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று.

2008-ல் இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்த அணி அது. வரவுக்கு மிஞ்சிய சம்பளம், அடுத்தடுத்து கைமாறிய முதலாளிகள், கழுத்தளவு கடன். 2010-ல், அங்கே முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் கிளப் என்ற பெயரை வாங்கியது. 2012-ல் மறுபடியும் அதே கதி. கடைசியில் ரசிகர்களே ஒரு பங்கு ஆயிரம் பவுண்டு என்று பணம் போட்டு, 2013 ஏப்ரலில் கிளப்பை வாங்கிவிட்டார்கள். வாங்கிய கையோடு அணி நாலாவது டிவிஷனுக்கு இறங்கியது வேறு கதை.

இதைப் பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். பங்கு, டிரஸ்ட், ஓட்டு என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நம்ம ஊர்ல கொடைக்கு வரி பிரிக்க மாதிரில்லா!" என்றார்.

அதேதான். எங்கள் ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா, முடிந்த மறுவாரம் கணக்குக் கூட்டம் நடக்கும். போன தடவை மைக் செட், பந்தல், வில்லுப்பாட்டு எல்லாம் சரியாக இருந்து, பூ வாங்கிய கணக்கில் மட்டும் 340 ரூபாய் இடித்தது. அந்த 340-க்கு ராத்திரி பதினோரு மணி வரை சத்தம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தவன் எவனும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டான். எங்கள் பையன்களின் ஃபுட்பால் டீமுக்கு அப்படிக் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போனது. மும்பைக்காரர் ஒருவர் தன் கடைப் பெயரைப் போட்டு ஜெர்சி எடுத்துக் கொடுத்தார், மறு வருஷம் போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போர்ட்ஸ்மத் ரசிகர்கள் பழைய கடனை அடைத்தார்கள், 2017-ல் நாலாவது டிவிஷனை ஜெயித்தார்கள், அப்புறம் அதே வருஷம் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு ஓட்டுப் போட்டு விற்றுவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எக்ஸிடர் சிட்டி என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்பை ரசிகர்கள் 2003-லிருந்து இன்னும் கையில்தானே வைத்திருக்கிறார்கள்?

அண்ணாச்சி அசரவில்லை. "ஸ்டேடியம் பழசுன்னு சொன்னியே, அதச் சரி பண்ணப் பணம் வேண்டாமால? வித்தவனும் வரி கொடுத்தவன்தான, ஒன்னயா கேக்கணும்?"

நான் ஆயிரம் பவுண்டு கொடுக்கவில்லை. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.